கீழே யாரும் இல்லையே

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஏழு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, மற்ற இரண்டும் என் நாத்தனார் கண்ணை மூடியபோது என் இடுப்புக்கு வந்தவை. ஏழும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒருத்தி ஆவடியில், ஒருத்தன் பெங்களூரில், ஒருத்தன் கடல் தாண்டி. நல்ல நிலையில் இருப்பதால்தான் ஒன்றும் என் பக்கத்தில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும். மிச்ச எழுத்தை ஹார்பர் கோடவுன் கதவிலும் லாரி முதுகிலும் எழுதியிருந்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கோடவுனில் முப்பது வருடம் கோணி தைத்தேன். கிழிந்த மூட்டை என் கைக்கு வந்துவிட்டுப் போனால் அந்த இடத்தில் திரும்பக் கிழியாது. வேறு இடத்தில் கிழியும், அதற்கு நான் பொறுப்பில்லை. லாரி பார்த்துக் கற்றதால் என் எழுத்தும் லாரி எழுத்து மாதிரி பெரிது பெரிதாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வரும். பேத்தி பாதியில் விட்ட நோட்டில் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. பாயைப் பற்றி.

பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் பழகின நாளில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை. வாயால் சொல்லாததைக் கையால் எழுதுவது சரியில்லை.

எதைக் கீழே இறக்கினாலும் பாய் ஒரு நொடி நிறுத்துவார். கீழே பார்ப்பார். இடது பக்கம், வலது பக்கம். அப்புறம்தான் இறக்குவார். டீ டம்ளரை பெஞ்சில் வைப்பதற்கு முன்னால்கூட அப்படித்தான். அந்த பெஞ்சில் எறும்பைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்? இருந்தாலும் பார்ப்பார்.

ஹார்பரில் அவருக்கு சிக்னல் வேலை. கிரேன் ஓட்டுகிறவன் மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான், அவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கப்பலின் மேல்தட்டில் ஒருவர் நின்று கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் நிறுத்து. உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி மெதுவாக அசைத்தால் இறக்கு. இறக்கு என்பதற்கு அங்கே வாயால் 'ஆரியா' என்று கத்துவார்கள். கோடவுன் வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அந்தக் கைகளையும் அந்தச் சத்தத்தையும் முப்பது வருடம் பார்த்தும் கேட்டும் இருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அவரைப் பார்த்தேனா என்று கேட்டால் தெரியாது. மேல்தட்டில் நிற்கிறவருக்குப் பின்னால் வெயில் இருக்கும். கை தெரியும், முகம் தெரியாது. ஒரு தடவை, சிந்தின கோதுமையைப் பெருக்கி அள்ளுவதற்காகக் கப்பல் ஓரம் குனிந்துகொண்டு போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் என் தலைக்கு மேல் ஒரு மூட்டைக் கட்டு அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. மேலே ஒரு உள்ளங்கை. நான் ஓடி வந்த பிறகுதான் அந்தக் கை இறங்கியது.

பழகின பிறகு இதைப் பாயிடம் கேட்டேன். "அது நீதானா பாய்?"

"எத்தினி பேரு நின்னாங்கோ தங்கச்சி. நான் மூஞ்ச பாக்கல. ஆள் கீதா இல்லியான்னுதான் பாத்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தோரு வருசம். என் கைக்குக் கீழ ஒரு ஆள் நசுங்கல" என்றார். அதை மட்டும் வாய் குழறாமல் சொன்னார்.

மற்றபடி பேசும்போது வாய் குழறும், அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அவர் முதியோர் மையத்துக்கு வந்தார். நான் போனது முட்டிவலிக்கு. முட்டிவலிக்கு என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். வீட்டில் பகல் முழுக்க என் குரலை நானே கேட்காமல் இருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், பழைய கல்யாண ஹாலின் கீழ்த்தளத்தில் அந்த மையம் நடந்தது. வயசானவர்கள் காலை பத்து மணிக்குப் போனால் மாலை நான்கு மணிக்குத் திரும்பலாம். கை கால் பயிற்சி சொல்லித்தர ஐம்பது வயசுள்ள ஒரு அம்மா வருவார். நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். பல்லில்லாத கிழங்கள் எல்லாம் "மிஸ், மிஸ்" என்று கையைத் தூக்குவதைப் பார்த்தால் வெளியாருக்குச் சிரிப்பு வரும்.

முதல் மாதம் மிஸ் கையைத் தூக்கச் சொன்னால் ஒருத்தரும் தூக்கவில்லை. ஒருவருக்குத் தோள் வலி, ஒருவருக்கு மனசு வலி. அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு மிஷினைக் கொண்டுவந்து டி.வி. பெட்டியில் மாட்டினார். அதோடு வெள்ளையாகச் சின்னக் கட்டை ஒன்று. அதைக் கையில் பிடித்து, ஒரு பொத்தானை அழுத்தியபடி கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீச வேண்டும். வீசும்போது விரலை விட வேண்டும். நாம் வீசினால் டி.வி.க்குள் இருக்கிற பொம்மையும் வீசும். அதன் கையிலிருந்து பந்து உருண்டு போய், தூரத்தில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும்.

பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் எங்களோடு இருந்தார். பேச்சில் உப்பும் காரமும் கூடுதல். "நாப்பது வருசம் ரயிலு பொட்டியக் கழட்டி மாட்டுனவன் நானு. என்கிட்ட பொம்ம வெளாட்டு காட்றியா மிஸ்?" என்றார். அடுத்த நாள் காலை ஒன்பதரை மணிக்கே வந்து அந்தக் கட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கையைத் தூக்குங்கன்னா நூறு வலி சொன்னீங்க. இப்போ நாப்பது தடவை தூக்குறீங்களே, வலிக்கலையா?" என்று மிஸ் கேட்டார்.

"அதுக்கெல்லாம் டைம் ஏது மிஸ்" என்றார் ஃபிட்டர்.

மிஸ் ஆளுக்கு ஒரு பொம்மையை அந்த மிஷினுக்குள் செய்து வைத்தார். எனக்கு வெள்ளை முடி வைத்தார், கொண்டை வைத்தார். நான் மூக்குத்தி எங்கே என்று கேட்டேன்.

"இதுல மூக்குத்தி கிடையாது பாட்டி."

"மூக்குத்தி இல்லாம அது எப்டி நானாவும்? அது வேற எவளோ. அப்பறம் இன்னொன்னு, பாட்டின்னு கூப்டாத. உனக்கும் எனக்கும் அவ்ளோ வயசு தூரம் இல்ல."

"சரிங்கம்மா" என்று சிரித்துவிட்டு, கறுப்பு மச்சம் ஒன்றை எடுத்து மூக்கின் ஓரத்தில் வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மூக்குத்தி மாதிரிதான் இருந்தது. ஒத்துக்கொண்டேன். பாயின் பொம்மைக்குத் தொப்பியும் வெள்ளைத் தாடியும் வைத்தார். ஒருவர் ஆடும்போது மற்றவர்களின் பொம்மைகள் பின்னால் நின்று பார்க்கும், கைதட்டும். நாம் மையத்துக்கு வராத நாளிலும் நம் பொம்மை நிற்கும்.

சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தார். வாரம் முழுக்கக் கூட்டிப் பார்த்து யார் முதலோ அவர் தன் பெயரைத் தானே அதில் எழுத வேண்டும். விரலுக்கு அதுவும் பயிற்சி என்றார். முதல் வாரம் ஃபிட்டர். இரண்டாவது வாரம் நான். முப்பது வருடம் கோணி ஊசி இழுத்த கை, சும்மாவா? லாரி எழுத்தில் என் பெயரை எழுதினேன். அட்டையின் பாதி இடம் போய்விட்டது. என் பெயர் அதுவரைக்கும் ரேஷன் அட்டையில் இருந்தது, அது பெட்டிக்குள் கிடந்தது. ஒரு சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை. மாலை நான்கு மணிக்கு எல்லாரும் போன பிறகு செருப்பைத் தேடுகிற மாதிரி நின்று அதை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பாய் ஒவ்வொரு வாரமும் கடைசி.

அவர் கட்டையைப் பிடிப்பார். கையைப் பின்னால் கொண்டுபோவார். முன்னால் கொண்டுவருவார். அந்தரத்தில் நிறுத்துவார். தலையைக் குனிந்து தரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். அப்புறம் விரலை விடுவார். வீச்சு நின்ற பிறகு விட்டால் பந்து எங்கே போகும்? பொம்மையின் காலடியில் சொத்தென்று விழுந்து ஓரத்துப் பள்ளத்தில் உருண்டுவிடும். சில நேரம் கையைவிட்டே போகாது.

"இன்னா பாய், வுடுவியா மாட்டியா? அது பந்தா, கோழி முட்டையா?" என்று ஃபிட்டர் கத்துவார்.

"வுட்டனே" என்பார் பாய். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. தான் நிறுத்துவதும் தெரியாது, குனிந்து பார்ப்பதும் தெரியாது.

மிஸ் வேறு மாதிரி நினைத்தார். வாதம் வந்தவர்களில் சில பேருக்கு, கையில் பிடித்த பொருளை விடுவதற்கு விரல் கேட்காதாம். அப்படித்தான் தன் தாளில் எழுதினார்.

எனக்கு மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. அந்தரத்தில் நிற்கிற கையையும் கீழே போகிற கண்ணையும் பார்த்ததும், தலைக்கு மேல் மூட்டைக் கட்டு நின்ற அந்தப் பகல் ஞாபகம் வந்தது. விரலில் ஒன்றும் இல்லை. பாய் இறக்குவதற்கு முன்னால் பார்க்கிறார், அவ்வளவுதான். "மிஸ், மொதல்ல கீழ பாத்துட்டு அப்பறம் வீசச் சொல்லு" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பாயின் கை வாட்டசாட்டமான கை. இழுத்துக்கொண்ட பிறகும் என் கையைவிடப் பலம். அது நிற்காமல் வீசினால் சுவரில் என் பெயர் இருக்காது. எனக்கு ஜெயிப்பது பிடித்திருந்தது. அந்த வயசு வரைக்கும் அது எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இருந்துவிட்டேன்.

விளையாட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. பாய்க்கு அது விளையாட்டு இல்லை. அவர் ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். மனைவி போய்ப் பல வருடம். ஒரே மகன் ஆம்பூரில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு நாள் அறையில் ஸ்டவ்வை அணைக்க முடியாமல் பால் கருகிப் புகை வந்து பக்கத்து வீட்டார் மகனுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். மகன் வந்து, "பக்ரீத் வரைக்கும் பாக்குறேன் அத்தா. கை சரியாச்சுன்னா இங்கயே இருங்க. இல்லன்னா என்னோட வந்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் பாய் ஒரு நாள் தவறாமல் மையத்துக்கு வந்தார்.

"போயேன் பாய். புள்ள சோறு போடறேன்றான், கசக்குதா?" என்று நானே ஒரு தடவை கேட்டேன்.

"ஆம்பூருல ஹாரன் கேக்காது தங்கச்சி" என்றார். "கப்பல் ஹாரன் கேட்டுதான் நான் எந்திரிப்பேன். அங்க எப்ப எந்திரிப்பேன்?"

ஒரு வாரம் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. பன் ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மையம் தவிர வேறு இடத்தில் நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அறையில் ஒரு கோரைப்பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரே ஒரு டம்ளர். எனக்கு டீயை டம்ளரில் கொடுத்துவிட்டு அவர் சொம்பில் குடித்தார். அரிசி கழுவின தண்ணீர் ஒரு அலுமினியச் சட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். சட்டியை ஜன்னல் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, இடது உள்ளங்கையை உயர்த்தினார். வெளியே குனிந்து பார்த்தார்.

கீழே மூன்று வாண்டுகள் வேண்டுமென்றே ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு இளித்தன.

"ஊத்து தாத்தா, பாக்கலாம்!"

"நவுருடா!"

"மாட்டோம். ஊத்து!"

சட்டியைப் பிடித்தபடி அவர் நின்றார். அதுகளும் நின்றன. என் டீ ஆறியது. நான் பொறுமை போய், "ஒரு தடவ ஊத்து பாய், தன்னால ஓடும்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"கீழ ஆள் நின்னா நல்லதுதான் தங்கச்சி. லீவு வுட்டுட்டா இதுங்க ஊருக்குப் பூடும். அப்பெல்லாம் பாக்குறேன், பாக்குறேன், ஒருத்தரும் இல்ல. ஒடனே ஊத்திடலாம்."

ஒடனே ஊத்திடலாம் என்று அவர் சொன்ன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது, என் வீட்டில் நான் தண்ணீரை எப்போதும் உடனே ஊற்றிவிடுகிறேன் என்பது ஞாபகம் வந்தது.

போனிலும் அவர் அப்படித்தான். மையத்தின் வாசலில் காசு போட்டுப் பேசுகிற சிவப்புப் போன் இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து மகனோடு பேசுவார். மகன் வைத்துவிடுவார். இவர் வைக்க மாட்டார். காதில் பிடித்தபடி நிற்பார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "அந்தப் பக்கம் வெச்சிட்டாங்கோ பாய், கொய்ங்குன்னு சத்தம் எனக்கே கேக்குது" என்று ஃபிட்டர் தோளைத் தொட்ட பிறகுதான், வைக்கிற இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வைப்பார்.

பக்ரீத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகன் வந்தார். நல்ல பிள்ளை. எல்லாருக்கும் ஆம்பூரிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். மிஸ் தன் தாளைக் காட்டி, "தோள் நல்லா தேறியிருக்கு. விரல்தான் விட மாட்டேங்குது" என்றார்.

"அப்போ ஸ்டவ்வை எப்படித் திருகுவாரு? கதவை எப்படிப் பூட்டுவாரு?" என்று மகன் கேட்டார்.

"நீங்களே பாருங்க" என்று மிஸ் கட்டையைப் பாயிடம் கொடுத்தார்.

பாய் மகனைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்திருக்கும்போது எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். கையைப் பின்னால் கொண்டுபோனார், முன்னால் கொண்டுவந்தார், நிறுத்தினார், குனிந்து பார்த்தார். பந்து காலடியில் விழுந்து உருண்டது.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. படித்தவர்கள் பேசும்போது நாம் ஏன் நடுவில் போக வேண்டும் என்று நினைத்தேன். மகனோடு இருந்தால் நேரத்துக்குச் சோறு கிடைக்குமே என்றும் நினைத்தேன். இதெல்லாம் நான் அப்புறம் கட்டிக்கொண்ட சமாதானம். அந்த நிமிஷத்தில் என் கண் சுவரில் இருந்தது. என் பெயர் அங்கே ஐந்து தடவை இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரங்குப் பெட்டியும் சுருட்டின கோரைப்பாயும் அதில் இருந்தன. சொல்லிக்கொண்டு போக பாய் உள்ளே வந்தார். ஃபிட்டர்தான், "சும்மா பூடாத பாய். ஒரே ஒரு பந்து போட்டுட்டுப் போ. என்ன ஒரு தடவயாவது ஜெயி, நைனா" என்றார்.

பாய் கட்டையை எடுத்தார். கை பின்னால் போனது, முன்னால் வந்தது, நின்றது.

அப்போதுதான் என் கால் எழுந்தது. நான் எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். முட்டிவலி எங்கே போனதோ தெரியாது, டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி அசைத்தேன்.

"பாய்! கீழ யாரும் இல்ல! ஆரியா!"

ஹாலே அதிர்ந்துவிட்டது. எனக்கு அவ்வளவு குரல் இருந்தது எனக்கே தெரியாது. பாய் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் கண் அப்படி விரிந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"நீ நின்னுகினு கீறியே" என்றார்.

"நானா?"

"நேர் கீழ நிக்கிற. நவுரு தங்கச்சி. கட்டு வருது."

பார்த்தேன். கட்டைகள் நிற்கிற இடத்துக்கு நேர் முன்னால், டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நகர்ந்து சுவரோரம் போனேன். அவர் விடவில்லை. "இன்னும்" என்றார். இன்னும் தள்ளிப் போனேன். என் முதுகு அந்த அட்டையில் பட்டது.

இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பார்க்க வேண்டியதை முதலிலேயே பார்த்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு கை பின்னால் போய் முன்னால் வந்தபோது எங்கேயும் நிற்கவில்லை. பந்து நூல் பிடித்த மாதிரி போனது. பத்தும் சாய்ந்தன. மிஷின் ஏதோ பாட்டுப் பாடியது. பின்னால் நின்ற பொம்மைகள் எல்லாம் குதித்தன. மச்சம் வைத்த என் பொம்மையும் குதித்தது.

"விரல் விடுதே!" என்றார் மிஸ். "முதல்லேர்ந்தே விட்டுச்சா?" அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமாம்மா?"

"இப்பத்தான் தெரியும் மிஸ்" என்றேன்.

மகன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா போட்டீங்க அத்தா" என்றார். ஆட்டோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரூமைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்துட்டேனே. சாயங்காலம் வேற குடும்பம் வருது" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்ன மாதிரி இருந்தது.

பாய் கட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் நிறுத்தி, என் கைக்குக் கீழே பார்த்தார். "நல்லா சிக்னல் குடுத்த" என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. இத்தனை வருடம் என்னை அரிப்பது அதுதான்.

ஒரு மாதம் கழித்து மையத்து ஆபீசுக்குப் போன் வந்தது. மிஸ் என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார்.

"தங்கச்சி, என் பொம்ம கீதா?"

"கீது பாய். பின்னால நின்னுகினு கீது. நல்லா கை தட்டுது. அங்க எப்டி?"

"சோறு நல்லா கீது." அப்புறம் கொஞ்சம் மூச்சு. "இங்க தரை வூடு. தண்ணிய வாசல்லயே ஊத்திக்கலாம்."

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போனை முதலில் வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் வைக்கவில்லை. ஆம்பூரில் யாரோ ஒரு குழந்தை அழுதது கேட்டது, பாத்திரம் விழுந்தது கேட்டது. கடைசியில் மிஸ்தான் என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

மறு வருடம் பக்ரீத்துக்கு அப்புறம் மகன் போன் பண்ணி, அத்தா போய்விட்டார் என்று சொன்னாராம். தூக்கத்திலேயே என்றாராம்.

மையத்துக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தபோது மிஸ் பாயின் பொம்மையின் தொப்பியை எடுத்துவிட்டு அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். "அதத் தொடாத மிஸ்" என்றேன். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றாவது வாரத்திலிருந்து. மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொம்மையைத் தொடவும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஜெயித்தது குறைவு. வீசுவதற்கு முன்னால் என் கை தானாக நிற்க ஆரம்பித்தது. "இன்னா யக்கா, பாய் வியாதி உனுக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று ஃபிட்டர் கேட்டார். பந்து காலடியில் விழும். தொப்பி வைத்த பொம்மை பின்னால் நின்று பார்க்கும்.

இப்போது ஃபிட்டரும் இல்லை. மிஷின் பழுதாகி எடுத்துப் போய்விட்டார்கள். பொம்மைகளும் அதோடு போயின. பாய் நின்று பார்ப்பதற்கு ஒரு இடமும் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் இந்த நோட்டு.

ஆவடியிலிருந்து பேத்தி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, பக்கத்துக்குப் பக்கம் லாரி ஓட்டியிருக்க" என்பாள். சொல்லட்டும். அவளுக்காகக் கடைசியில் இதையும் எழுதி வைக்கிறேன்.

கண்ணு, இத மொத்தமும் எனக்குப் படிச்சுக் காட்டு. எழுதினது நான்தான், ஆனா சத்தமா கேக்கணும். நீ கட்டில் மேல உக்காந்துக்க, நான் கீழ தரையில உக்காந்துக்கறேன். வேகமா படிக்காத. மொதல் வரிக்கு முன்னால கொஞ்சம் நிறுத்து. கீழ ஆள் கீதான்னு ஒரு தடவ பாரு. அப்பறம் படி.